மலையக வீட்டுக்கு ஹங்கேரிய மேய்ப்பு நாய்: புலியா, புமியா, முதியா?

ஹங்கேரிய மேய்ப்பு நாயொன்றை மலையகத்தில் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். அவை குளிர்நாட்டு நாய்கள், நமது ஊரும் குளிரான ஊர், ஆகவே பொருத்தம் தானாக அமைந்துவிடும் என்பது அவர்களது எண்ணம். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இதில் தவறில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் என்பதால், கொழும்பிலோ மட்டக்களப்பிலோ மூச்சிரைத்துக் கிடக்கக்கூடிய அடர்ந்த உரோம நாய்கள் இங்கே சுகமாக நடமாடும். ஆனால் இந்த இனங்கள் உருவான ஹங்கேரியப் பெருஞ்சமவெளி மழை குறைந்த நிலம். அங்கு ஓர் ஆண்டில் பெய்வது 500 முதல் 600 மில்லிமீற்றர் வரையான மழைதான். நுவரெலியாவில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கும், மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையில் எட்டு மடங்குக்கு மேலும் பெய்கிறது. ஆகவே எந்த இனம் என்ற கேள்வியைக் குளிரைக் கொண்டு தீர்க்க முடியாது. ஈரத்தைக் கொண்டுதான் தீர்க்க வேண்டும். அதற்கு அடுத்ததாக வீட்டின் சுவர்கள் எத்தகையவை, அயல்வீடு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வரி. புலி, புமி, முதி என்பன ஹங்கேரிய மொழியில் இந்த மூன்று நாயினங்களுக்கும் உள்ள பெயர்கள். குழப்பம் நேராதிருக்க முதலாவதை எங்கும் ‘புலி நாய்’ என்றும், நமது காடுகளில் உள்ள விலங்கைச் ‘சிறுத்தை’ என்றும் எழுதுகிறேன்.

ஹங்கேரிய மந்தை நாய்களைப் பற்றித் தேடுகின்றவர்கள் கொமொண்டோர், குவாஸ் என்ற இரண்டு பெரிய வெள்ளை நாய்களையும் சந்திப்பார்கள். அவை மந்தையை ஓட்டும் நாய்கள் அல்ல. ஓநாயிடமிருந்தும் திருடரிடமிருந்தும் மந்தையைக் காக்கும் நாய்கள். ஆண் கொமொண்டோர் தோளளவில் 70 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்து 50 முதல் 60 கிலோ வரை நிறையடையும். குவாஸும் ஏறத்தாழ அதே அளவுதான். யாருடைய கட்டளையையும் எதிர்பாராமல் தாமே முடிவெடுத்துத் தாக்கும் இயல்புக்காகவே பல நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இந்நாய்களை, பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்து பறிக்கச் செல்வோரும் மரக்கறி வியாபாரிகளும் வீட்டு வாசலைக் கடந்து போகும் ஊரில் வைத்திருப்பது, என் கணிப்பில், அயலவருக்குச் செய்யும் அநியாயம். சுற்றுமதிலும் பல ஏக்கர் நிலமும் உள்ள சில பங்களாக்களைத் தவிர மற்றெல்லோரும் இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

எஞ்சியிருப்பவை மூன்று மேய்ப்பு நாய்கள். உடலளவில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. புலி நாய் 36 முதல் 45 சென்ரிமீற்றர் வரை உயரமும், பாலைப் பொறுத்து 10 முதல் 15 கிலோ வரை நிறையும் கொண்டது. புமியும் முதியும் 38 முதல் 47 சென்ரிமீற்றர் வரை உயர்ந்தாலும் மெலிந்த கட்டமைப்பு உடையவை என்பதால் நிறையில் பெரும்பாலும் 8 முதல் 15 கிலோவுக்குள் நின்றுவிடும். மூன்றுமே ஒருவர் தனியாகத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோகக்கூடிய அளவு. வளைவும் சரிவுமான தோட்டப் பாதையில் இது சிறிய வசதி அன்று. நன்றாகப் பராமரித்தால் 12 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும் இனங்கள் இவை.

வரலாறும் ஒன்றோடொன்று பின்னியது. மிகப் பழையது புலி நாய். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் செம்மறி மந்தைகளோடு வந்த நாய்கள் அதனுடன் கலந்ததால் புமி தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இரண்டையும் ஒரே இனமாகவே பலர் கருதினர். எமில் ராய்ட்ஸிட்ஸ் என்ற பேராசிரியர்தான் அவற்றைத் தனித்தனியே வரையறுத்தார். முதிக்கு 1936ஆம் ஆண்டில் டெஜோ ஃபெனெஷ் என்பவர் தனிப்பெயரும் தனி அடையாளமும் அளித்தார். இரண்டாம் உலகப் போர் ஹங்கேரிய நாயினங்கள் அனைத்தையும் ஏறத்தாழ அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனதால் மீந்தவை சிலவே. இன்றைய நாய்கள் அச்சிறு தொகையின் வழி வந்தவை என்பதைப் பரம்பரை நோய்கள் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

உரோமமும் ஈரமும்

புலி நாயை உலகம் அறிந்தது அதன் உரோமத்தால். முகநூலின் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் வளர்த்த ‘பீஸ்ட்’ என்ற வெள்ளைப் புலி நாயின் படங்கள் பரவிய பின்னர் இந்த இனத்தை விரும்பிக் கேட்போர் நம் ஊரிலும் உண்டு. அவர்கள் விரும்புவது அந்தத் தோற்றத்தைத்தான். அது எவ்வாறு உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தீர்மானம் பாதி முடிந்துவிடும்.

இந்நாய்க்கு மென்மையான உள்ளுரோமம், முரட்டுத்தன்மையான வெளியுரோமம் என இரண்டு அடுக்குகள் உண்டு. மற்ற நாய்களில் உதிர்ந்து வீட்டுத் தரையில் விழும் உள்ளுரோமம், இதில் விழாமல் வெளியுரோமத்தோடு சிக்கிக்கொண்டு, காலப்போக்கில் தேங்காய்த் தும்பில் திரித்த கயிறுபோலத் தனித்தனிப் புரிகளாக உருவெடுக்கிறது. குட்டிக்கு 8 அல்லது 9 மாதமாகும்போது இந்தச் சிக்கல் தொடங்கும். அப்போது சீப்பால் வாரக்கூடாது. வாரினால் புரி உருவாகாது. அதேவேளை அப்படியே விட்டுவிடவும் கூடாது. விட்டால் உரோமம் முழுவதும் ஒரே கம்பளிப் படலமாக ஒட்டிக்கொண்டு தோலுக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடும். விரலால் ஒவ்வொரு புரியையும் தோல் வரை பிரித்துவிடும் வேலையை, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில், வாரந்தோறும் பொறுமையாகச் செய்ய வேண்டும். புரிகள் தரையைத் தொடுமளவுக்கு வளர மேலும் சில ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவும் ஹங்கேரியில் இருப்பவருக்கும் உள்ள வேலைதான். நமக்கு மட்டுமே உரியது அடுத்த சிக்கல். நனைந்த புரி எளிதில் உலராது. குளிப்பாட்டிய பின் துவாயால் ஒவ்வொரு புரியாகப் பிழிந்து, விசிறிக்கு முன்னால் பல மணிநேரம் வைத்தாலும், உட்பகுதி முற்றாக உலர ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். வறண்ட காற்று வீசும் சமவெளியில் இது சலிப்பூட்டும் வேலை. மே மாத இறுதியிலிருந்து ஓகஸ்ட் வரை உடுத்த சேலையே கொடியில் மூன்று நாள் காயாமல் கிடக்கும் மஸ்கெலியாவிலோ கினிகத்தேனையிலோ இது முடியாத வேலை. குளிப்பாட்டாமல் இருந்துவிடலாம் என்றால், மழையும் மூடுபனியும் காலைப் புல்லின் ஈரமும் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டேதான் இருக்கும். ஈரம் தங்கிய புரியின் அடியில் பூஞ்சணமும் பக்டீரியாவும் பெருகும். முதலில் புளித்த வாடை வரும், பின்னர் தோல் சிவந்து நீர் கசியும் புண்ணாகும். புரி மறைப்பதால் புண் பெரிதான பிறகே கண்ணில் படும். அடுப்படியின் சூட்டில் உலர்த்தலாம் என்று சிலர் நினைப்பார்கள். விறகடுப்பருகே புரி தொங்கும் நாயை விடுவது தீ விபத்துக்கு வழி. அதைத் தவிரப் புகை வாடை ஏறினால் மாதக்கணக்கில் போகாது.

இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. புலி நாயின் உரோமத்தை 3 அல்லது 4 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடாமல் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை கத்தரித்துவிடலாம். வெளிநாடுகளிலும் காட்சிப் போட்டிக்குப் போகாத வீடுகளில் பலர் இவ்வாறே செய்கிறார்கள். உரோமம் போனாலும் அந்நாயின் குணமும் அறிவும் வேகமும் அப்படியே இருக்கும். கத்தரித்த பின் அது புலி நாய்தானா என்று கேட்பவர் இருப்பார். நாய்க்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் புரிகளுக்காகவே புலி நாயை விரும்பியவர், கத்தரித்துத்தான் வளர்க்க முடியுமென்றால், முதியையோ புமியையோ வாங்கியிருக்கலாமே என்ற கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

புமியின் உரோமம் நடுத்தரமானது. உடல் முழுவதும் 4 முதல் 7 சென்ரிமீற்றர் வரை நீளமான சுருள்கள். அவை புரியாகக்கூடாது என்பதே அவ்வினத்தின் விதி. இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அகன்ற பற்களுள்ள உலோகச் சீப்பால் தோல் வரை வாரி, பின் லேசாக நீர் தெளித்து விட்டால் சுருள்கள் தாமாக மீளும். உரோமம் அதிகம் உதிராது. மழைக்காலத்தில் துடைத்து அறைக்குள் விட்டால் சில மணிநேரத்தில் உலர்ந்துவிடும். நுனி மட்டும் மடிந்து நிற்கும் காதுகள் முகத்துக்கு ஒரு குறும்புத்தனத்தைத் தருகின்றன. படத்தில் பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகள் இதைத்தான் தெரிவுசெய்வார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம்.

முதியின் முகத்திலும் கால்களின் முன்புறத்திலும் குட்டையான நேர் உரோமமும், உடலில் 3 முதல் 7 சென்ரிமீற்றர் வரை அலையலையான உரோமமும் உள்ளன. காதுகள் நிமிர்ந்தவை என்பதால் காதுக்குள் காற்றோட்டம் உண்டு. ஈரப் பிரதேசத்தில் காதுத் தொற்று மிகச் சாதாரணம் என்பதால், தொங்கிய காதும் அதனுள்ளே உரோமமும் கொண்ட புலி நாயோடு ஒப்பிடும்போது இது மறைமுகமான ஆனால் பெரிய நன்மை. நனைந்து வந்த முதி வாசலில் உடலை உதறிவிட்டு, ஒரு பழைய துவாயால் துடைத்தால் போதும். பருவத்துக்குப் பருவம் உரோமம் உதிரும். வாரமொருமுறை வாரினால் அது கட்டுக்குள் நிற்கும். வேலையின் அளவைக் கொண்டு மட்டும் பார்த்தால் மூன்றில் மிக இலகுவானது இதுதான்.

அட்டையும் உண்ணியும்

தேயிலை மலைக்குப் போய்வந்த நாயின் உடலில் அட்டை இருக்கும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டை உரோம நாயில் விரலிடுக்கு, காதோரம், உதட்டோரம், வயிற்றின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்தால் வேலை முடிந்துவிடும். முதியிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். புமியில் சுருளை விலக்கிப் பார்க்க வேண்டும். புரி வளர்ந்த புலி நாயிலோ அட்டை குடித்துத் தானாக விழும் வரை தெரியாது. கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் வடிந்து புரியில் ஊறிக் காய்ந்தால் அதைக் கழுவுவது இன்னொரு நாள் வேலை. ஓடைநீர் குடிக்கும் நாய்களின் மூக்குத் துவாரத்துக்குள் நீரட்டை புகுந்துவிடுவதும் உண்டு. ஒரு துவாரத்தில் மட்டும் இரத்தம் கசிந்து, நாய் தொடர்ந்து தும்மினால், உப்பையோ சுண்ணாம்பையோ மூக்கில் போடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

உண்ணி இதைவிடப் பாரதூரமானது. உண்ணி மூலம் பரவும் பபீசியா, ஏர்லிக்கியா ஆகிய கிருமிகள் இலங்கையில் நாய்களைச் சாகடிக்கும் முக்கிய காரணிகளுள் அடங்கும். காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளிறிய முரசு, தேயிலைச் சாயம்போன்ற சிறுநீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே வைத்தியம் தொடங்க வேண்டும். பிடரியில் ஊற்றும் மருந்து தோலைத் தொட்டால்தான் வேலை செய்யும். புரிகளுக்கிடையே தோலைக் கண்டுபிடித்து ஊற்றுவது கடினம் என்பதால் புலி நாய்க்கு வாய்வழி மாத்திரைகளே வசதி. முதி இனத்தின் சில வழிகளில் வலிப்பு நோய் காணப்படுகிறது. இன்று பெருவழக்கிலுள்ள உண்ணி மாத்திரைகளில் ஒருவகை, வலிப்பு வரலாறுள்ள நாய்களுக்கு எச்சரிக்கையோடு தரப்பட வேண்டியது. ஆகவே முதிக் குட்டியை வாங்குபவர் தாய் தந்தை வழியில் வலிப்பு இருந்ததா என்று கேட்டறிந்து, அதனை மிருக வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

எந்தச் சரிவு, எந்த வீடு

மலையகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் காலநிலையில் அது இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளை, தலவாக்கலை ஆகிய மேற்குப் பக்கம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையை நேரடியாக வாங்குகிறது. வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை ஆகிய ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காற்றோடு வறண்டு கிடந்து, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை தன் பங்கு மழையைப் பெறுகிறது. மேற்குப் பக்கத்தில் புரியோடு புலி நாய் வளர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஊவாவில், காற்றோட்டமான, சீமெந்துத் தரையிட்ட ஓர் அறையை நாய்க்கென்றே ஒதுக்கி, ஆண்டுக்குச் சிலமுறை மட்டும், அதுவும் யூன் முதல் ஓகஸ்ட் வரையான வறண்ட மாதங்களில் முழுக்குளியல் வைத்து, மற்ற நாட்களில் பாதங்களையும் வாயோரத்தையும் மட்டும் கழுவக்கூடிய பொறுமைசாலிக்கு அது சாத்தியம். பதுளை நகரைப்போலத் தாழ்ந்த இடங்களில் பகல் வெப்பமும் கூடிவிடுவதால் அங்கும் கத்தரிப்பே மேல்.

வீட்டின் அமைப்பு இன்னொரு பிரிப்பு. லயன் வீடுகளில் சுவர் பொதுச்சுவர். ஒரு வீட்டில் நாய் குரைத்தால் வரிசை முழுவதற்கும் கேட்கும். ஹங்கேரிய மேய்ப்பு நாய்கள் மூன்றும் குரலால் வேலை செய்தவை. செம்மறிகளைக் குரைத்து நகர்த்துவதும், நெருக்கடியில் அவற்றின் முதுகின் மேலே தாவிக் கடந்து மறுபக்கம் போவதும் புலி நாயின் புகழ்பெற்ற திறமைகள். இவற்றில் மிக அதிகமாகக் குரைப்பது புமி. அது காரணமின்றிக் குரைப்பதில்லை. ஆனால் இலை அசைவதும் அதற்குக் காரணம்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அடுத்த அறையில் இருக்கும்போது இந்தக் குணம் அயலுறவைக் கெடுத்துவிடும். குரைப்பை நிறுத்தக் கற்பிக்கலாம். குட்டிப் பருவத்திலிருந்தே ‘போதும்’ என்ற சொல்லுக்கு அமைதியானால் சிறு உணவுத் துண்டு கொடுத்துப் பழக்கினால் புமியும் கேட்கும். முற்றிலும் குரைக்காத நாயாக அது ஒருபோதும் மாறாது. இடவசதியில்லாத லயன் வீட்டில் மூன்றில் எதனையும் வைக்கக்கூடாது என்பதே எனது கருத்து. தனித்த தோட்ட வீடு, மரக்கறித் தோட்டம் சூழ்ந்த சிறுகாணி வீடு, பாடசாலை விடுதிபோல வேலி உள்ள வளவு ஆகியவற்றுக்கே இந்த ஒப்பீடு பொருந்தும். தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான வீடானால் நாய் வளர்ப்புக்கு அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மந்தை இல்லாத ஊரில் மேய்ப்பு நாய் என்ன செய்யும் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. நம்மிடம் மாடு பட்டியிலேயே கட்டப்பட்டு, புல் அறுத்துப் போடப்படுகிறது. ஆடுகளும் சில உருப்படிகள்தான். வேலையற்ற மேய்ப்பு நாய் தானாக வேலை தேடும்: அயல்வீட்டுக் கோழிகளை ஒரு மூலைக்கு ஒதுக்கும், ஓடும் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வும், வளைவில் திரும்பும் முச்சக்கரவண்டியின் சில்லைத் துரத்தும், காலையில் நிரை பிடித்து நிற்கும் கொழுந்துப் பெண்களைச் சுற்றிச்சுற்றி ஓடும். இதைத் தடுக்க நாளொன்றுக்கு ஒரு மணிநேர நடையாவது வேண்டும். நடையோடு மூளைக்கும் வேலை வேண்டும். ஒளித்து வைத்த பொருளை மோப்பத்தால் தேடுவது, பெயர் சொன்ன பொருளை எடுத்துவருவது, சொன்ன இடத்தில் அசையாமல் இருப்பது போன்ற பயிற்சிகள் 10 நிமிடமானாலும் ஓட்டத்தைவிட அதிகமாகக் களைப்பூட்டும். பின்லாந்தில் முதியைத் தேடல், மீட்புப் பணிகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதிலிருந்து அதன் கற்கும் திறனை ஊகிக்கலாம். கற்பதில் முதி மிக விரைவு. ஆனால் அந்நியரிடம் ஒதுங்கி நிற்கும். புமி துணிச்சலும் பிடிவாதமும் உள்ளது. புலி நாய் வீட்டாரோடு மிக நெருக்கமாகப் பழகும், தன் விருப்பத்தையும் விட்டுக்கொடுக்காது. மூன்றையும் அடித்துப் பழக்க முயன்றால் பயனில்லை; அடியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தமுறை கூப்பிட்டால் வராது.

வயதான தம்பதியர் மட்டும் உள்ள வீட்டில் புலி நாயே, கத்தரித்த நிலையில், பொருத்தமாக இருக்கும். அதன் வேகம் இடைவிட்டு வரும், முதியைப்போல நாள் முழுவதும் அலைந்துகொண்டிராது. வளரும் பிள்ளைகளும் தினம் மலையேறி இறங்கும் ஒருவரும் உள்ள வீட்டுக்கு முதி. குரைப்பால் யாருக்கும் தொல்லையில்லாத தனிவளவு உள்ளவர், கோழிக்கூட்டுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் ஒரு குரல்காவல் தேடினால் புமி. மூன்றுக்கும் இரவில் இடம் வீட்டுக்குள்ளேதான். தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. 10 கிலோ நாய் அவற்றுக்கு எளிய இரை. இரவில் திண்ணையில் கட்டிவைக்கப்பட்ட நாய் ஓடவும் முடியாது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கிலும் எலிக்கு வைக்கும் நஞ்சிலும் அலையவிட்ட நாய்கள் அகப்படுகின்றன. மருந்தடித்த தேயிலை மலைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ அன்றைய தினம் நாயைக் கொண்டுபோகக்கூடாது. நீண்ட உரோமம் அந்த மருந்தை வீட்டுக்குள் கொண்டுவரும், நாய் நக்கி விழுங்கும்.

குட்டியும் தடுப்பூசியும்

இந்த இனங்கள் இலங்கையில் அரிது. குட்டியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிவரலாம். அதற்குக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி அவசியம். பணம் அனுப்புவதற்கு முன் குட்டியின் வயது, தடுப்பூசிகள், சுகாதாரச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான நடப்பு நிபந்தனைகளை அங்கேயே நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். முகவர் சொல்வதை நம்பி இறங்கக்கூடாது. மலிவு விலையில் ‘புலி நாய்க் குட்டி’ என்று விளம்பரத்தில் வரும் சுருட்டை உரோமக் குட்டிகளில் எதற்கு என்ன பெற்றோர் என்பதை 8 வாரக் குட்டியைப் பார்த்து யாராலும் கூற முடியாது.

பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே அறிக்கை மூன்று இனத்துக்கும் கேட்க வேண்டியது. சரிவான நிலத்தில் ஏறி இறங்கும் நாய்க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சமவெளியைவிட விரைவாக வேதனையாக மாறும். முழங்கால் சில்லு விலகும் கோளாறும் இவற்றில் உண்டு. புமியில் கண்வில்லை விலகிப் பார்வை இழக்கச் செய்யும் பரம்பரை நோயும், பின்னங்கால்களைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் முதுகுத்தண்டு நோயும் காணப்படுவதால் பெற்றோருக்கு மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் சோதனை உண்டு. முதியில் புள்ளியும் திட்டுமாகச் சாம்பல் படர்ந்த நிறம் பார்க்க அழகானது. ஆனால் தாயும் தந்தையும் இரண்டும் அந்த நிறமானால் பிறக்கும் குட்டிகளில் சில செவிடாகவும் குருடாகவும் பிறக்கக்கூடும். அப்படிப்பட்ட இணையிலிருந்து குட்டி எடுக்கக்கூடாது.

தடுப்பூசியில் ஹங்கேரிய நாய்க்கென்று தனி விதி இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதம் நிறைந்தபின் போட்டு, பின்னர் ஆண்டுதோறும். இந்த நோய்க்கென 1893ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், தெரு நாய்களோடு தினமும் மூக்குரசும் ஊரில், விலைகொடுத்து வாங்கிய நாய்க்கு மட்டும் அது வராது என்று எண்ணுவதற்கு இடமில்லை. கடினமான நோயாளர்களை பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வசதி நமக்கு உண்டு. டயகமவிலிருந்தோ அப்புத்தளையிலிருந்தோ அந்தப் பயணம் ஒரு முழு நாள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உணவில் மூன்றுக்கும் வேறுபாடு குறைவு. சோற்றோடு கருவாட்டுத் தலையைப் பிசைந்து போடும் வழக்கத்தில் உப்பு மிகுதி, புரதம் போதாது. கோழி இறைச்சியோ முட்டையோ வேகவைத்த பருப்போ சேர்க்கலாம். சமைத்த கோழி எலும்பும் வெங்காயமும் திராட்சையும் சொக்லேட்டும் வேண்டாம்.

நாட்டு நாயும் அல்சேஷனும்

இவ்வளவு பேசியபின் ஓர் உண்மையைத் தவிர்க்க முடியாது. காவலும் துணையுமே தேவையென்றால், நமது நாட்டு நாய் மேற்கண்ட அளவுகோல்களில் பலவற்றில் மூன்றையும் வென்றுவிடும். குட்டை உரோமம் ஒரு மணிநேரத்தில் உலரும், அட்டையும் உண்ணியும் கண்ணுக்குத் தெரியும், உணவுக்கு விலையுயர்ந்த பொதி தேவையில்லை, விலையும் இல்லை. தடுப்பூசியும் கருத்தடையும் செய்து வீட்டுக்குள் படுக்க இடம் கொடுத்தால் அது தரும் விசுவாசத்துக்கு எந்த நாட்டு வம்சாவளிப் பத்திரமும் ஈடாகாது. பங்களாக்களில் பழக்கமான அல்சேஷன் பெரிய நாய். பயிற்சி தெரிந்தவர்கள் ஊரில் கிடைப்பார்கள், மிருக வைத்தியருக்கும் அதன் நோய்கள் நன்கு பழக்கம். ஆனால் அதன் நிறை இந்த மூன்றைப்போல் இரண்டு, மூன்று மடங்கு என்பதால் உணவுச் செலவும் அவ்வாறே. ஹங்கேரிய நாயைத் தேடுவதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: சிறிய உடலில் கூர்மையான வேலை மூளையுள்ள நாயோடு தினமும் நேரம் செலவிட ஒருவருக்கு உண்மையான ஆசை இருப்பது. அந்த ஆசை உள்ளவருக்கு நாட்டு நாயில் கிடைக்காத ஒன்று முதியில் கிடைக்கும்.

ஆகவே மேற்குச் சரிவில் இருப்பவர் கேட்டால் முதி என்பேன். அயலில் வீடில்லை என்றால் புமியும் சரி. ஊவாவில் இருப்பவருக்கு மூன்றும் திறந்திருக்கின்றன, புலி நாயானால் முதல் இரண்டு ஆண்டு புரி பிரிக்கும் வேலையை யார் செய்வது என்பதை வீட்டில் பெயர் சொல்லி முடிவுசெய்த பின். வேலைக்குப் போகும் கணவன் மனைவியும் ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுமாகப் பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எதுவுமே வேண்டாம்.

குட்டி வந்து சேரும் மாதத்தையும் சரிவைப் பார்த்தே குறிக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை தொடங்குமுன் குட்டி வெளியே சிறுநீர் கழிக்கப் பழகிவிடும், துடைக்கும் துவாய்க்கும் பாதம் தொடும் கைக்கும் இணங்கிவிடும். அந்த மாதங்களில் நுவரெலியாவின் தாழ்வான பகுதிகளில் விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுவதுண்டு என்பதால் சூரியன் ஏறும் வரை குட்டியை வெளியே விட வேண்டாம். ஊவாவில் யூனில் வரவழைத்தால், ஒக்டோபர் மழை வரும்போது அதற்கு ஆறு மாதமாவது நிறைந்து, தடுப்பூசிகளும் முடிந்திருக்கும்.